சந்தனம் அழித்த மூன்று பட்டியல்கள்

அன்போடு தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் ரத்தினவேல் அவர்களே! திருவரங்கத்திலிருந்து பாலம் கடந்து வந்திருக்கும் சான்றோர்களே! அரியமங்கலத்துப் பட்டறைகளிலிருந்து கைக்கரியைக் கழுவியும் கழுவாமலும் ஓடி வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே! இடப்பக்கம் இடம் போதாமல் இடித்துப் பிடித்து அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் படிப்பகத்தின் செயலாளன் நல்லதம்பியின் பணிவான வணக்கம்.

பின்வரிசையில் ஒரு நண்பர், “ஓட்டுக் கேக்க வந்தீங்களா?” என்கிறார். இல்லை ஐயா, தேர்தல் போன மாதமே முடிந்துவிட்டது. நான் வந்திருப்பது, இன்று உங்கள் முன் வரப்போகும் தீர்மானத்தை எதிர்க்க. அந்தத் தீர்மானத்தை எழுதியவன் யார்? நானேதான்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். தை மாதம் எழுதினேன், மாசியில் மனம் மாறினேன். ஏன் மாறினேன் என்பதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். தலைவர் மணியடித்தாலும் இறங்க மாட்டேன்.

நம் படிப்பகத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புத்தகங்கள் அலமாரிக்குள், அலமாரி பூட்டுக்குள். புதன்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு புத்தகம் எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, மேலே உறுப்பினர் எண்ணை மையால் எழுதி, சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பேன். எந்த வீட்டுக்கு எந்தப் புத்தகம்? அதைத் தீர்மானிப்பவன் நான். அதற்காக மூன்று பட்டியல்கள் வைத்திருந்தேன். தாய்மாருக்குப் பக்தியும் பலகாரமும். தொழிலாளிக்குத் தொழிலும் துப்பறியும் கதையும். பெரியவர்களுக்குப் புராணமும் பழைய இலக்கியமும். எவ்வளவு ஒழுங்கு! எவ்வளவு நேர்த்தி! அந்த ஒழுங்கைப் பார்த்து நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

சென்ற சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள். அறுபத்திரண்டு பொட்டலங்களையும் கட்டி, கலைமகள் படத்துக்கு முன் அடுக்கினேன். விஜயதசமி காலையில் வீட்டுக்கு வீடு கொடுக்க வேண்டும். வீட்டார் பிரித்து முதல் பக்கத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதுதானே நம் வழக்கம்? பக்தி எனக்குக் கொஞ்சம் அதிகம். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுத் தாராளமாகக் கரைத்து, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மூன்று விரலால் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். எங்கே வைத்தேன்? எழுதிய எண்ணின் மேலேயே வைத்தேன்!

விஜயதசமி விடிந்து பார்த்தால் மையும் சந்தனமும் கலந்து ஒரே சேறு. ஏழாம் எண்ணும் இல்லை, நாற்பதாம் எண்ணும் இல்லை. பூஜையில் வைத்த பொட்டலத்தை நான் பிரிக்கலாமா? மனம் வரவில்லை. “அம்மா, நீயே பார்த்துக்கொள்” என்று படத்தைக் கும்பிட்டுவிட்டு, கைக்கு வந்ததை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! திருவரங்கத்து உத்தர வீதியில் சடகோபாச்சாரியார் சுவாமி, நாள் தவறாமல் பாராயணம் செய்கிறவர். அவர் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கோழி வளர்ப்பு! மன்னிப்புக் கேட்க ஓடினேன். “ரங்கா, ரங்கா! வாரும் ஓய்” என்று வரவேற்றார். செத்தேன் என்று நின்றேன். அவர் மெல்ல, “கோழிக்குப் பல்லே கிடையாதாமே ஓய்? சின்னச் சின்னக் கல்லை விழுங்கி வயத்துக்குள்ளேயே அரைச்சுக்கறதாம். பகவானோட சிருஷ்டியைப் பாரும்! அடியேனுக்கு எழுபது வயசு வரைக்கும் இது தெரியாமப் போச்சே” என்றார். முன்வரிசையில் அமர்ந்து அவரும் சிரிக்கிறார் பாருங்கள்.

பூக்கட்டும் பாப்பாயி அம்மாளுக்கு எப்போதும் விரதக் கதைதான் போகும். அன்று பூகோளம் போய்விட்டது. மறுவாரம் என்னைத் தெருவில் மறித்து, “ஏங்க, உலகம் உருண்டைன்னு போட்டிருக்கே, அப்ப கடல் தண்ணியெல்லாம் ஏங்க கீழ கொட்டல?” என்று கேட்டார். ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? என்னால் முடியவில்லை. அலமாரியைத் திறந்து, அதற்கென்று இன்னொரு புத்தகம் தேடினேன். அவருக்காகத் தேடப் போய் நான் படித்தேன். நான்கு ஆண்டுகளாகச் சாவி வைத்திருந்தவன், அன்றுதான் விஞ்ஞானத் தட்டைத் தொட்டேன்.

இனி நான் சொல்லப்போவதற்குச் சிரிப்பு வராது.

அரியமங்கலம் பட்டறையில் கடைசல் பிடிக்கும் தம்பி மருதை. படிப்பகம் தொடங்கிய நாள் முதல் நம் உறுப்பினர். பட்டறையில் ஆயுத பூஜைப் பொரியைச் சுற்றி எல்லோரும் நிற்க, அங்கேயே பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். உள்ளே இருந்தது பிரசவமும் தாய் நலமும் பற்றிய புத்தகம்; புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸம்மாவுக்கென்று முதன்முதலாக நான் கட்டிவைத்தது. கூட இருந்தவர்கள் விட்டார்களா? “மருதை மருத்துவச்சி ஆயிட்டான்டா!” என்று கூத்தடித்திருக்கிறார்கள். கோபத்தோடு சைக்கிளை மிதித்து வந்து என் முன்னால் புத்தகத்தைப் போட்டார்.

“என்னங்க, பொம்பளைங்க புஸ்தகத்தைக் குடுத்து மானத்த வாங்குறீங்க? மாத்திக் குடுங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “விதிப்படி புதன்கிழமைதான் மாற்றுவோம், தம்பி” என்றேன். அன்று வியாழக்கிழமை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பிடிவாதம்தான்.

வேறு புத்தகம் இல்லாத குறைக்கு அதையே புரட்டியிருக்கிறார். அவர் மனைவி சந்திரம்மாளுக்கு அப்போது எட்டாம் மாதம். முகமும் கையும் வீங்கி, தலைவலி தாங்காமல், கண் மங்குகிறது என்று சுருண்டு கிடந்திருக்கிறார். அக்கம்பக்கத்தார், “நீர் கோத்திருக்கு, பிள்ளை பிறந்தா வடிஞ்சிடும்” என்றார்களாம். புத்தகத்தில் அதே மூன்று அடையாளங்களும் வரிசையாக அச்சிட்டிருந்தன. அதற்குக் கீழே: தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்க. சனிக்கிழமை காலை வண்டி பிடித்து மனைவியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரெண்டு உசுரும் இல்லை” என்று டாக்டரம்மா சொன்னாராம். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை.

அதுவரை தராமல் வைத்திருந்த அந்தப் புத்தகத்தைச் சென்ற மாதம் மருதை திருப்பிக் கொடுக்க வந்தார். நான் முகமெல்லாம் பல்லாக, நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று காத்திருந்தேன். அவர் புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு, “ஐயா, இது நம்ம படிப்பகத்துக்கு எப்ப வந்துச்சுங்க?” என்று கேட்டார். முதல் பக்கத்து முத்திரையைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டாம் வருஷம் என்று இருந்தது. சொன்னேன்.

“மொதப் புள்ளை அம்பத்தொம்பதுல போச்சுங்க. அதுக்கும் இப்படித்தான் மூஞ்சி வீங்குச்சு” என்றார்.

அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை, ஐயா! ஒரு வார்த்தை திட்டவில்லை. “சரிங்க, போயிட்டு வரேன்” என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எடுத்துப்போனவர் எண்ணைக் குறிக்கும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மருதை கைக்குப் போகும்வரை ஒருமுறைகூட அது வெளியே போகவில்லை. தொழிலாளிக்குப் பொருந்தாது என்று நான் கொடுக்கவில்லை. தாய்மாருக்குக் கூச்சமாக இருக்கும் என்றும் நான் கொடுக்கவில்லை. யாரைக் கேட்டேன்? எந்தத் தாயைக் கேட்டேன்? வாரம் தவறாமல் அந்த மனிதர் வீட்டுக்குப் போனேனே, ஐம்பத்தொன்பதிலும் போனேனே, அப்போது எதைக் கொண்டுபோனேன்? துப்பறியும் கதையைக் கொண்டுபோனேன்! துக்க வீட்டிலும் அதையே கொடுத்துவிட்டு வந்தேன்!

தலைவர் அவர்களே! இன்றைய தீர்மானம் சொல்வது என்ன? பட்டியல்கள் பழையபடி நடக்கட்டும். எண்கள் இனி அழியாத பெயின்டில் எழுதப்படட்டும் என்கிறது. எழுதிய நானே சொல்கிறேன், அதைத் தோற்கடியுங்கள். எவருக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எட்டாம் மாதத்து வீட்டில் என்ன கவலை என்று எனக்குத் தெரியாது; பூத்தொடுக்கும் கைக்குள் என்ன கேள்வி என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கேகூடப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்வரை தெரியாது! அப்படியிருக்க, கோழியும் கோளும், கடலும் கடைசலும், பிறப்பும் பிணியும் எல்லாம் ஒரே தட்டில் கலந்து கிடக்கட்டும். தேடி வருகிறவர் தேடட்டும். தேடாதது கிடைத்தால் அதையும் எடுத்துப் போகட்டும். பெண்கள் வரட்டும், பிள்ளைகளோடு வரட்டும், அலமாரியின் முன் நின்று ஆற அமரப் புரட்டட்டும்!

இதோ அலமாரிச் சாவி. தலைவர் மேசையில் வைக்கிறேன். இனி அதை நான் எடுக்கப்போவதில்லை. பூட்டத்தான் வேண்டும் என்று நீங்கள் கை உயர்த்தினால், வேறு செயலாளரைப் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்கலாம் என்றால், மருதையைத்தான் முதலில் அழைக்க வேண்டும். அவர் இன்று வரவில்லை. நாளைக் காலை அரியமங்கலத்துக்கு நானே போகிறேன். பொட்டலம் கட்டிக்கொண்டு அல்ல, வெறுங்கையோடு. மன்னிப்புக் கேட்டுவிட்டு, சந்திரம்மாளையும் சேர்த்து அழைத்து வருவேன்.

என் குற்றத்தை இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, உங்கள் கைகள் உயர்வதைக் காணக் கீழே வந்து உங்களோடு உட்காருகிறேன். வணக்கம்.