மூடிமேல் வைத்த எலுமிச்சைத் தோல்

அவைக்குத் தலைமை தாங்கி, ஒரு கண்ணால் கடிகாரத்தையும் மறு கண்ணால் என்னையும் பார்த்துக்கொண்டிருக்கும் மருந்துக்கடைப் பெரியவர் அவர்களே! இந்தத் தெரு வணிகர் சங்கத்தைத் தோளில் சுமந்து வளர்த்த மூத்தோரே! முதல் வரிசையை முழுதாகப் பிடித்து முறுவலோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! டயர் கடைத் தோழர்களே, தையற்கடைத் தங்கைகளே, நாற்காலி கிடைக்காமல் நின்றாலும் நகைக்க மறக்காத நண்பர்களே! எல்லோருக்கும் மேலாக, பின்கதவு வழியே அழைக்காமலே நுழைந்து என் பேச்சுக்குப் போட்டியாக நிற்கும் கோழிக்கறிப் புகையே! உங்கள் அனைவருக்கும் வெல்டிங் பட்டறைக்காரனின் வணக்கம்!

கைதட்டல் எனக்கா, புகைக்கா? "புகைக்குத்தான்!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். சலவைக்கடைத் தம்பி, உன் குரல் எனக்குத் தெரியும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், பேச்சாளனுக்குத் தரவேண்டிய மரியாதை முதலில் பறக்கும். கொஞ்சம் பொறு. சுருக்கமாகப் பேசு என்று தலைவரும் காதோடு சொல்லியிருக்கிறார். நான் இரும்பை நீட்டுகிறவன், பேச்சை நீட்டுகிறவன் அல்லன்.

இன்று எதற்குக் கூடியிருக்கிறோம்? தெரு முனையில் தள்ளுவண்டியாகத் தொடங்கி, இன்று சொந்தக் கூரையும் சொந்தக் கதவுமாகக் கடை திறந்திருக்கும் கம்பிக்கோழிக் கடைக்குப் பாராட்டு. மேடையில் என் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறாரே, இந்தத் தெருவே "அண்ணி" என்று அழைக்கும் அம்மையார், அவருக்குக் கேடயம். அதோ மேசைமேல் பளபளக்கிறது. அண்ணியின் பெயர் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கேடயத்தைப் பற்றி எனக்கு ஒரு சொல் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

நண்பர்களே! கோழி எங்கேதான் இல்லை? எலுமிச்சை எந்தக் கடையில்தான் இல்லை? புதினாவும் கொத்தமல்லியும் எந்தக் கூடையில்தான் இல்லை? எல்லாம் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் அந்தக் கம்பியில் கோத்து, அந்தக் கனலில் வாட்டி, அந்தக் கையால் எடுத்துத் தரும்போது, வாய்க்குள் வைத்தவன் வழக்கை மறக்கிறானே, வட்டியை மறக்கிறானே, வீட்டில் மனைவி வாங்கிவரச் சொன்ன பருப்பையும் மறக்கிறானே, அது எங்கே உண்டு? பருப்பை மறந்துபோய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். கை தூக்க வேண்டாம், பக்கத்தில் வீட்டுக்காரம்மா இருக்கிறார்.

அந்தப் பக்குவத்தை நான் அருகே நின்று பார்த்தவன். எலும்பு நீக்கிய தொடைக்கறியை ஒரே அளவாக நறுக்குவார்கள். பூண்டு தட்டிப் போட்டு, புதினாவும் மல்லியும் பொடியாக அரிந்து போட்டு, ஆரஞ்சுப் பழத்தின் மேல்தோலை மட்டும் துருவிப் போட்டு, மிளகும் உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து காலையிலேயே மூடிவைப்பார்கள். எலுமிச்சைக்கு மட்டும் அப்போது அனுமதி இல்லை! கரி பற்றவைக்கும் நேரத்தில்தான் எலுமிச்சையைப் பிழிவார்கள். ஏன்? புளிப்பு கறியோடு அதிக நேரம் குடியிருந்தால், நெருப்பு செய்யவேண்டிய வேலையைப் புளிப்பே செய்துவிடும். கறி வெளுத்து, உதிர்ந்து, கம்பியில் நிற்காது. கம்பி என்றதும் நினைவு வருகிறது, அந்தக் கம்பியைச் செய்தது யார்? உருண்டைக் கம்பியில் கறியைக் கோத்தால், கம்பி சுற்றும், கறி சுற்றாது. தட்டையாக அடித்துக் கொடுத்தவன் இந்தப் பட்டறைக்காரன். இதற்குக் கைதட்டக் கூடாதா? சரி, நன்றி. கேட்டு வாங்கினாலும் கைதட்டல் கைதட்டல்தான்.

அந்த அடுக்களையில் இன்னொரு வழக்கம் உண்டு. எலுமிச்சை பிழிந்தவர் அந்தப் பிழிந்த தோலைப் பாத்திரத்தின் மூடிமேல் கவிழ்த்து வைக்கவேண்டும். தோல் இருந்தால் புளிப்பு சேர்த்தாயிற்று, தோல் இல்லாவிட்டால் சேர்க்கவில்லை. ஏன் இந்த வழக்கம்? ஏனென்றால், அந்த அடுக்களையில் கை இரண்டு அல்ல, நான்கு! அண்ணி ஒருவர். அவருடைய கணவரின் தங்கை இன்னொருவர். தெருவே அவரை "நாத்தனார்" என்றுதான் கூப்பிடுகிறது. பிசைந்து ஊறவைப்பது நாத்தனார். நெருப்பில் வாட்டுவது அண்ணி.

நான்கு கை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் சாப்பிட்டு முடித்து, விரலை நக்கிக்கொண்டே, "அண்ணி, உங்க கை மணமே தனி!" என்றார். அண்ணி சிரித்தார். சிரித்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் கை முழுக்கப் பூண்டு வாசத்தோடு நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான்! அடுப்பில் இருந்த நெருப்பு அகத்துக்குள் போய்விட்டது.

அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒரே அடுக்களை, ஒரே அரிவாள்மணை, பேச்சு மட்டும் இல்லை. நடுவில் யார் மாட்டிக்கொண்டார்? அண்ணியின் கணவர், நாத்தனாரின் அண்ணன், நம் எலக்ட்ரீஷியன்! அதோ தூணுக்குப் பின்னால் ஒளிகிறார் பாருங்கள். "கரி தீரப்போகுதுன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுண்ணா" என்று இந்தப் பக்கம். "எனக்குக் கண்ணு இருக்குன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்று அந்தப் பக்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளத்தை நான் நேரில் பார்த்தேன். கையெட்டும் தூரத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவே கரண்ட் கொண்டுபோக அந்த மனிதருக்குத் தெரியவில்லை!

சிரிக்கிறீர்கள். அங்கே அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் வேறோர் ஊரில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை தேடிவைத்துவிட்டார். பெட்டியும் கட்டியாயிற்று. "அச்சகத்துக்காரர் வீட்டு விருந்து முடிஞ்சதும் கிளம்பறேன்னு சொல்லிடுண்ணா." அண்ணி அதைக் கேட்டார். கேட்டும் கேளாதவர்போல் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்ல வாய் வரை வந்த சொல், வீம்பு பிடித்து வாசலிலேயே நின்றது. பாடுபட்டு வளர்த்த கடை ஒரு பாராட்டுச் சொல்லால் பாழாகப் போகிறதே என்று தவித்தேன்.

விருந்து நாள் வந்தது. அச்சகத்துக்காரர் புதிதாக வாங்கிய வீட்டுக் கொல்லையில்தான் அடுப்பு. தட்டைக் கம்பிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நானும் நின்றேன். இவர்களுக்கு உதவியாக எலக்ட்ரீஷியனின் தாயார், அதாவது அண்ணிக்கு மாமியார், நாத்தனாருக்கு அம்மா, அவரும் வந்திருந்தார். இதோ முதல் வரிசையில் இருக்கிறார். அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களையும் சபையில் இழுக்கப்போகிறேன்.

கரி பற்றவைத்தார்கள். நாத்தனார் எலுமிச்சை பிழிந்தார், தோலை மூடிமேல் கவிழ்த்தார், வெங்காயம் கழுவப் போனார். நம் அம்மா அந்தப் பக்கம் வந்தார். மூடிமேல் எலுமிச்சைத் தோல். குழாயடியில் களிம்பேறிய பழைய பித்தளைக் குழாய். சும்மா இருக்குமா கை? தோலை எடுத்தார், குழாயைத் தேய்த்தார்! அடுத்து அண்ணி வந்தார். மூடிமேல் தோல் இல்லை. பேச்சு இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். பேச்சுதான் இல்லையே! அவரும் பிழிந்தார். போதாக்குறைக்கு, விருந்தாளிகள் வரும் வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. இரட்டைப் புளிப்பில் கோழி நெடுநேரம் குளித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் வண்டி வந்தது, பசியோடு கூட்டம் இறங்கியது. நாத்தனார் மூடியைத் திறந்து முதல் துண்டைக் கம்பியில் குத்தினார். உதிர்ந்தது. இரண்டாவது துண்டு, உதிர்ந்தது. அண்ணி ஓடிவந்து பாத்திரத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது! எலக்ட்ரீஷியன் வழக்கம்போல் நடுவில் வந்து நின்றார். அண்ணி அவரை ஒரு கையால் ஒதுக்கினார்.

"நீ பிழிஞ்சியா?"

"பிழிஞ்சேனே அண்ணி! தோலை மூடிமேலதான வெச்சேன்!"

"மூடிமேல ஒண்ணுமே இல்லையேடி! நானும் பிழிஞ்சு தொலைச்சுட்டேனே!"

குழாயடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்தத் தோலா? வந்து பாருங்கடி, குழாய் எப்படி மின்னுதுன்னு!"

அண்ணி குழாயைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார். அப்புறம் அண்ணி சிரித்தார். நாத்தனார் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த நீரில் பாதி சிரிப்பு அல்ல என்று எனக்கும் தெரியும், எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். பார்க்காத பயிர் கெடும் என்பார்கள், கேட்காத கடன் கெடும் என்பார்கள். கேட்காத கோழியும் கெடும் என்று அன்று நான் கற்றுக்கொண்டேன்.

வாசலில் விருந்தாளிகள், கையில் கெட்ட கறி. என்ன செய்வது? மூக்கைச் சிந்திக்கொண்டே நாத்தனார் சொன்னார்: "கோக்கத்தான அண்ணி வராது? கொத்திப் பிடிச்சா நிக்கும்." அண்ணி உடனே பாத்திரத்தைத் தூக்கினார். புளிப்பு நீரை வடித்துப் பிழிந்தார்கள். ஒரே பலகை, ஆளுக்கொரு கத்தி. கொத்தினார்கள் பாருங்கள், தவில் கச்சேரி தோற்கும்! ரொட்டித் தூளும் முட்டையும் சேர்த்து, இன்னும் ஒரு கட்டுப் புதினாவை அரிந்து போட்டு, ஈரக்கையால் கம்பியைச் சுற்றி அழுத்திப் பிடித்தார்கள். உருண்டைக் கம்பியாக இருந்தால் வழுக்கி விழுந்திருக்கும். தட்டைக் கம்பி தாங்கியது. இதற்கு நான் கைதட்டல் கேட்கவில்லை, நீங்களாகப் பார்த்துச் செய்தால் மறுக்கவும் மாட்டேன்.

கனலில் வைத்ததும் மணம் மாடி ஏறியது. அச்சகத்துக்காரர் தட்டோடு கொல்லைக்கே வந்துவிட்டார். "அடடா! புளிப்பும் புதினாவும் இப்படிச் சேருமா? யார் கைப் பக்குவம் இது?" அண்ணியைப் பார்த்துத்தான் கேட்டார், எல்லோரும் எப்போதும் அப்படித்தான் கேட்கிறார்கள். அண்ணி அன்று வெறுமனே சிரிக்கவில்லை. நாத்தனாரின் கையைப் பிடித்துத் தூக்கினார். "பிசைஞ்சது இவ கை. சுட்டது என் கை. கெடுத்தது ரெண்டு பேர் கையும். காப்பாத்தினது இவ!"

அன்று மாலை நாத்தனார் பெட்டியைப் பிரித்தார். மடித்துவைத்த புடவை ஒன்றைக் கிழித்துக் கம்பி பிடிக்கும் துணியாக்கினார். இன்றைக்கும் அந்தத் துணிதான். இப்போதெல்லாம் அந்த அடுக்களையில் மூடிமேல் தோல் வைப்பதில்லை. "புளிப்பு சேத்தாச்சு அண்ணி!" என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறார் ஒருவர், "சரி, சரி, காது இருக்கு!" என்கிறார் மற்றவர்.

பெரியோர்களே! இப்போது கேடயத்துக்கு வருகிறேன். தலைவர் அவர்கள் தங்கமான மனிதர், தங்கத்துக்கும் ஒரு கணம் கண் அயரும். கேடயத்தில் பெயர் ஒன்று. மேடையில் நாற்காலி ஒன்று. இன்னொருவர் எங்கே? நீங்கள் எல்லோரும் மூக்கால் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்தப் புகைக்குப் பின்னால் நிற்கிறார்! நமக்குச் சோறு போட நிற்கிறார்! முன்பு ஒரு கையை மட்டும் பாராட்டியதால் ஒரு குடும்பம் உடையப் பார்த்தது. இன்று ஒரு சங்கமே சேர்ந்து அதே பிழையைச் செய்யலாமா? செய்யலாமா? சொல்லுங்கள்!

"கூப்பிடுங்க அவங்களை!" என்கிறார் தலைவர். வாழ்க நீங்கள்! சலவைக்கடைத் தம்பி, ஓடு, அழைத்து வா.

போய்விட்டு வந்துவிட்டாயா? அதற்குள்ளா? என்ன சொல்கிறார்? "இப்ப திருப்பணும், வந்தா கருகிடும்" என்கிறாரா? கேட்டீர்களா! கேடயத்தைவிடக் கறி பெரிது அந்தக் கைக்கு. இவரை நான் பாராட்டாமல் வேறு யாரைப் பாராட்டுவேன்?

அண்ணி, என்ன எழுந்துவிட்டீர்கள்? எங்கே போகிறீர்கள்? கேடயத்தையும் எடுத்துக்கொண்டா? "அவ ஒருத்தியா விசிறி, ஒருத்தியா திருப்ப முடியாதுங்க" என்கிறார். போய்விட்டார்!

தலைவர் அவர்களே, அடுப்பு மேடைக்கு வராது. மேடை அடுப்புக்குப் போகலாம். எழுந்திருங்கள், வாருங்கள், எல்லோரும் வாருங்கள். பெயர் பொறிக்கும் ஊசி என் சட்டைப்பையில் இருக்கிறது. முதல் கம்பி வெந்து இறங்குவதற்குள் இரண்டாவது பெயரையும் கேடயத்தில் கீறிவிடுவேன், பக்கத்துப் பக்கத்திலே, ஒரே அளவு எழுத்தில். பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும், புகைக்கு நடுவிலும் என்னை விட்டுப் போகாத நண்பர்களுக்கும், குழாயை மின்ன வைத்த அம்மாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம். ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொள்வது கேட்கட்டும்.