நானூற்றுத் தொண்ணூற்றேழு நாள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டாஞ்சேரியில் என் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு கிடக்கும். ஒரு ஜோடியாவது ஒழுங்காகக் கிடக்காது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். எப்படிப்பட்டவர்களோடு ஒன்பது வருஷம் காலம் தள்ளினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

என் பெயர் லக்ஷ்மிநாராயணன். பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருஷம் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். 1999இல் நானும் கொச்சங்காடியில் மிளகுக் கிடங்கு வைத்திருக்கும் முகமது இஸ்மாயிலும் இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தோம். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளைக் கடையில் வாங்காமல், உலகத்துக்கே திறந்து வைத்திருக்கும் மூல நிரலிலிருந்து நாமே கட்டிக்கொள்வது. வந்து சேர்ந்தவர்களைப் பாருங்கள்: ஆட்டோ ஸ்டாண்டு பினு, லைப்ரரி வேலை அம்பிளி, செல்போன் ரிப்பேர்க்காரர்கள் இரண்டு பேர். பெயர் வைக்க வோட்டெடுப்பு நடத்தினார்கள். நான் சொன்ன பெயருக்கு ஒரே ஒரு கை, அதுவும் என்னுடையது. ‘அங்காடி’ என்று வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று அர்த்தமாம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூலத்தில் யார் எந்தத் திருத்தம் செய்தாலும், ஞாயிற்றுக்கிழமை இஸ்மாயில் அதை வரிவரியாக எல்லார் முன்னாலும் உரக்கப் படிப்பார். புரிந்தவன், புரியாதவன் எல்லாரும் கை தூக்குவார்கள். இத்தனை கண் பார்க்கிறபோது யார் எதை ஒளிக்க முடியும் என்று இஸ்மாயில் பெருமை அடித்துக்கொள்வார். ஆனால் மூலம் என்பது மனிதன் படிக்க எழுதியது. யந்திரம் ஓட்டுவதற்கு அதை வேறு வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். அதைத்தான் கட்டுவது என்கிறோம். என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கே அது ஒன்றரை நாள் வேலை; மற்றவர்களுடையதெல்லாம் மூச்சு வாங்கும். ஆகவே திங்கட்கிழமை நான் கட்டுவேன், சிடி போட்டுத் தருவேன். அங்கே எட்டிப் பார்க்க ஒரு கண்ணும் வராது.

கொச்சங்காடியில் ஒரு இறால் குளிர்கிடங்கு எங்கள் ‘அங்காடி’யை வாங்கிப் போட்டது. குளிரூட்ட அங்கே அமோனியா ஓடுகிறது. குழாயில் கசிவு வந்தால், உள்ளே மூட்டை அடுக்குகிறவர்களுக்கு இரண்டு நிமிஷம்கூடக் கிடையாது. நிமிஷத்துக்கு ஒருமுறை காற்றைச் சோதித்து, கசிவு இருந்தால் மணி அடிக்கும் புரோகிராம் ஒன்றை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தேன். அது என் தனி வேலை. அதில் யாருடைய கையும் படவில்லை.

அந்தக் கிடங்கில் குளிர்நிலையைப் பதிவேட்டில் எழுதும் வேலைக்கு மகா என்று ஒரு பெண். அவள் புருஷன் முத்துவேல் அதே கிடங்கின் உள்ளறையில் மூட்டை அடுக்குபவன். தமிழ்க் குடும்பம்தான், மூன்று தலைமுறையாகக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. தமிழ் எழுதச் சொன்னால் மலையாள எழுத்தில் எழுதுவாள். இஸ்மாயில்தான் அவளைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார். இரண்டு வருஷம் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை.

2003 மார்ச்சில் ஒரு ஞாயிறு அவள் நோட்டுப் புத்தகத்தோடு எழுந்து நின்றாள்.

“சாரே, உங்க மணியில ஒரு சின்னத் தெற்று இருக்கு.”

அவள் சொன்ன பிழை இது: கம்ப்யூட்டர் தான் ஓட ஆரம்பித்த கணத்திலிருந்து விநாடிக்கு நூறு முறை எண்ணிக்கொண்டே போகும். நானூற்றுத் தொண்ணூற்றேழு நாள் நிறுத்தாமல் ஓடினால் அந்த எண் நிறைந்து பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அப்போது என் புரோகிராம், அடுத்த சோதனைக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்துவிடும். திரையில் ‘எல்லாம் சரி’ என்று இருக்கும்; மணி மட்டும் அடிக்காது. அவள் கணக்குச் சரி. ஐந்து வரியில் திருத்தமும் எழுதி வைத்திருந்தாள், கோழி கிளறின மாதிரி.

“கண்டோ சாரே, உங்களையே பிடிச்சிட்டாளே நம்ம மகா!” என்றார் இஸ்மாயில். எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். யாரோ போய்ச் சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்து கொண்டாடினார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் பயந்துபோய், மாதம் முதல் தேதி அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு மறுபடி போட ஆரம்பித்தாள். நிறுத்திப் போட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். நல்ல ஏற்பாடுதான்.

ஜூன் ஒன்றாம் தேதி இஸ்மாயில் அவளுடைய ஐந்து வரியைப் படித்தார். முதலில் தூக்கிய கை என்னுடையது. மறுநாள் கட்ட உட்கார்ந்தேன். கட்டுகிற கருவி எல்லாவற்றையும் புதிதாகக் கட்டாது. ஒவ்வொரு மூலக் கோப்பின் தேதியையும் பார்க்கும். முன்பு கட்டிய துண்டைவிட மூலம் புதியதாக இருந்தால்தான் மறுபடி கட்டும், இல்லாவிட்டால் பழைய துண்டையே எடுத்து வைக்கும். அவள் திருத்திய கோப்பின் தேதியை நான் நாலு வருஷம் பின்னால் தள்ளினேன். ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. மூலத்தில் அவள் திருத்தம் பத்திரமாக இருந்தது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சிடியில் என் பழைய துண்டு போனது.

புதனன்று சிடி வாங்க வந்தாள். “சாரே, இனி மாசாமாசம் நிறுத்திப் போட வேண்டாம்லா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்மா,” என்றேன். அன்றே அதைக் கிடங்குக் கம்ப்யூட்டரில் போட்டு ஓடவிட்டாள்.

நான் நினைத்தது இவ்வளவுதான்: எண் நிறைகிற நாளில் மணி முடங்கும், அவள் திருத்தம் உதவவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், மறுபடி மூலையில் போய் உட்காருவாள். நானூற்றுத் தொண்ணூற்றேழு நாளும் அவள் ஞாயிறு தவறாமல் வந்தாள். நானும் நாளை எண்ணிக்கொண்டே வந்தேன். அடுத்த வருஷம் அக்டோபர் 13. மறுநாள் காலை பார்த்துவிட்டு வரலாம் என்று குளிர்கிடங்குக்குப் போனேன். கடைசியாகச் சோதித்த நேரம் திரையில் முந்தின நாளிலேயே நின்றிருந்தது. மேலே ‘எல்லாம் சரி’. யாரும் கவனிக்கவில்லை, அதுதான் அவர்கள் லட்சணம். முத்துவேல் தடித்த கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே போகக் கிளம்பினான்.

“உங்க மெஷின் இருக்கிற தைரியத்துலதான் சார் உள்ள போறோம்,” என்றான்.

மரியாதையாகத்தான் பேசினான். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு வால்வு விட்டுப்போய் அமோனியா கசிந்தது. வால்வை நான் தொடவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முத்துவேலும் ஒச்சப்பன் என்ற இன்னொருவனும் உள்ளே இருந்தார்கள். மணி அடிக்கவில்லை. கதவு வரைக்கும் வந்து விழுந்திருந்தார்கள்.

விசாரணையில் மூலத்தை எடுத்துக் காட்டினோம். திருத்தம் அதில் இருந்தது. திருத்தம் இருந்தும் மணி அடிக்கவில்லை என்றால் திருத்தமே தவறு என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். பதினாறு கழிந்ததும் மகா அதே நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“எங்க தெற்று பற்றிச்சு சாரே? நூறு தடவை போட்டுப் பார்த்துட்டேன்.”

நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தேன். மூன்றாவது வரி என்று விரல் வைத்துக் காட்டினேன். அவளும் தலையை ஆட்டினாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற அளவுக்காவது அவளுக்குப் புத்தி இருந்தது. அதன்பிறகு நாலு வருஷம் அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக அம்பிளியிடம் சொல்லி அழுவாளாம்.

இந்த வருஷம் இஸ்மாயில் புதிய கம்ப்யூட்டர் வாங்கி, பழைய மூலத்தை அடியிலிருந்து கட்டிப் பார்த்தார். அந்த எண் நிறையும் இடத்தில் வைத்து ஓட்டினார். மணி அடித்தது. என் பழைய சிடியைப் போட்டு ஓட்டினார். அடிக்கவில்லை. ஒரு வாரம் தலையைச் சொறிந்து, கடைசியில் அந்தக் கூட்டம் கண்டுபிடித்த உண்மை என்ன தெரியுமா? கட்டுவதற்கு முன்னால் பழைய துண்டுகளைத் துடைத்தெறிய நான் மறந்துவிட்டேனாம். முதல் மாதம் படிக்க வருகிற பையன் செய்கிற பிழை. “பாவம், சாருக்கு வயசாயி,” என்றாராம் இஸ்மாயில். உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த மனுவிலும் ‘கவனக்குறைவு’ என்றுதான் எழுதியிருக்கிறார்.

போன ஞாயிறு மகா வந்தாள். வாசலிலேயே நின்றாள். நான் தவறு என்று காட்டிய அந்த மூன்றாவது வரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“போகட்டும் சாரே. கைப்பிழை ஆருக்கும் வரும்லா. நீங்க மனசு விஷமிச்சுக் கிடக்காதீங்க,” என்றாள். கண் நிறைந்திருந்தது. எனக்காக.

நான்கு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இன்ஸ்பெக்டர். அவள் என்னை மன்னிக்கிறாள். துடைக்க மறந்த கிழவன் என்று மன்னிக்கிறாள். நாளைக்கு இந்த மட்டாஞ்சேரி முழுக்க அதையே சொல்லும்.

அதனால்தான் நானாகவே வந்தேன். நான் எதையும் மறக்கவில்லை. தேதியை மாற்றியது நான். மணி செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். உள்ளே போகிறவனுக்குத் தலையாட்டியவனும் நான்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் ‘கவனக்குறைவு’ என்ற வார்த்தையை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள்.