மூன்றாவது கமரா

— அந்த முதல் கமராவைக் கழட்டுங்கோ சாரங்கன். மான் ஒண்டு பின்னுக்கு நிண்டு குப்பையை மேயுது, ஸ்கிரீனில பூனைக்குட்டி அளவுக்குத்தான் தெரியுது.

— அது அகலக் கண்ணாடி மச்சாள். ரெண்டு பக்கத்தையும் வடிவாக் காட்டும், தூரத்தைப் பிழையாக் காட்டும். விளங்குதோ? கார்க்காரருக்குச் சரி. உங்கட வான் ஒரு வீடெல்லோ. கட்டில், குசினி, அலுமாரி எல்லாத்தையும் ஏத்தி அடைச்சு வைச்சிருக்கிறீங்கள். பின்கண்ணாடியால ஒண்டும் பாக்க ஏலாது.

— அதுதானே உங்களைக் கூப்பிட்டனான். ரெண்டாவது எப்பிடி?

— அது கோடு போட்டுத் தூரம் காட்டும். ஆனால் மூண்டாவதுதான் திறம். கோடும் இருக்கு, படமும் பதியும், சத்தமும் பதியும். உப்புவெளியில வெள்ளைக்காரன் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் எங்கையாவது இடிச்சுப்போட்டு, நான் இடிக்கேல்லை எண்டானெண்டால் போட்டுக் காட்டலாம். அஞ்சலினா மச்சாளோட கதைச்சுத் தப்ப ஏலாது அவனுக்கு.

— அப்ப மூண்டாவதையே பூட்டுங்கோ. வழி காட்டுற பழைய நவிகேட்டருக்குப் பதிலா எனக்கு வேற ஒண்டும் வேணும்.

— அது ஏன்? போன வருசம்தானே நான் சும்மா பூட்டித் தந்தனான். கொக்கிளாய்க் காட்டு றோட்டு, மூதூர் வயல் பாதை, எல்லாம் கிடக்கு அதுக்குள்ள.

— சிம் போடாத நவிகேட்டர் ஒண்டு தாங்கோ. வரைபடம் உள்ளுக்கையே இருக்கவேணும். வெளியில ஒருத்தரோடையும் அது கதைக்கக்கூடாது.

— அப்பிடியும் ஒண்டு கொண்டந்தனான், பெட்டிக்குள்ள கிடக்கு. கமரா பூட்டியாச்சு, ஸ்கிரீனைப் பாருங்கோ. மச்சாள்... துஷாந்தி எப்பிடி? நீங்கள் போன் எடுத்தவுடன, உங்கட கோபம் ஆறிப்போச்சு எண்டு அம்மாவிட்டச் சொன்னனான். பெஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டும் சொல்லிப்போட்டன்.

— தங்கச்சி பாலையூற்று வீட்டில எங்களோட இருக்கிறாள். முதல் வேலையை முடிப்பம். கூரை போன அந்தப் பழைய வள்ளக் கொட்டிலுக்க போய்ச் சுவரோட நில்லுங்கோ. வான் பின்னால வரட்டும். தூரம் சரியாக் காட்டுதோ பாப்பம்.

— நல்லது. போனை ஸ்பீக்கரில போட்டுச் சட்டைப் பைக்குள்ள வைச்சிருக்கிறன். பக்கத்து ஐஸ் ஆலைச் சத்தத்தில கத்தினாலும் கேக்காது. ஆ, வாங்கோ... வாங்கோ... நேரா வாங்கோ. ரெண்டு பக்கமும் ஒரு கை இடம்தான், கவனம். நல்லாத்தான் ஓடுறீங்கள்!

— நீங்கள் ஸ்கிரீனில வடிவாத் தெரியிறீங்கள். சேட்டில பொத்தான் ஒண்டு இல்லை, அதுவும் தெரியுது.

— இந்தியச் சாமான் இல்லை மச்சாள், யப்பான். காணும், நிப்பாட்டுங்கோ. அந்த இடத்தில ஒருக்கா நிப்பாட்டுங்கோ, கமராவைக் கொஞ்சம் சரிக்கவேணும். மச்சாள், காணும் எண்டு சொல்லுறன்! பம்பர் காலுக்குக் கிட்ட வந்திட்டுது!

— இப்ப நிண்டிட்டுதெல்லோ. அசையாமல் நிண்டு பதில் சொல்லு. கட்டைபறிச்சானில ஆமினா உம்மாட வீட்டுக்கு உனக்கு ஆர் வழி காட்டினது?

— என்ன மச்சாள் திடீரெண்டு நீ நான் எண்டு...

— துஷாந்தியை உன்னட்டை இருந்து அங்க ஒளிச்சு வைச்சது என்ர மனுசனுக்கே தெரியாது. இந்த வானிலதான், யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டுக் கொண்டுபோய் விட்டனான். அடுத்த நாள் விடிய நீ வாசலில நிண்டாய்.

— ஊருக்க கதை அடிபட்டது. அதால அறிஞ்சனான்.

— பொய். போன் திருத்துற கலீலுர் றஹ்மானிட்டக் கொண்டுபோய் நவிகேட்டரைப் பிரிச்சுப் பாத்தனான். உள்ளுக்கு ஒரு சிம். வான் போற இடம், நிக்கிற இடம் எல்லாத்தையும் உன்ர போனுக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கு. சும்மா தந்தனான் எண்டாய். அது இதுக்குத்தான்.

— களவு போனால் பிடிக்கத்தான் போட்டனான். அந்தோணியார் மேல... ஆ! மச்சாள்! முழங்கால் முட்டுது! வானை எடுங்கோ!

— இன்னொரு பொய் சொல்லு, இன்னும் கொஞ்சம் வரும்.

— ஏய், உனக்கு விசர் பிடிச்சிட்டுதோ? நான் வெளியில வந்தன் எண்டால், உன்னையும் உன்ர தங்கச்சியையும் இந்த வானுக்க போட்டு எரிப்பன். விளங்குதோ? அவளுக்குப் பட்டது காணாது. அண்டைக்கே முடிச்சிருக்கவேணும்!

— அதுவும் பதிஞ்சிட்டுது.

— பதியட்டும்! நான் இந்தச் சுவரில ஏறி... ஐயோ!

— போத்தல் துண்டு பதிச்ச சுவர். கை வெட்டிப்போட்டுதோ? இரத்தம் வழியிறது நல்லாத் தெரியுது. நல்ல கமராதான் கொண்டந்திருக்கிறாய். கீழால பூந்து வரலாம் எண்டும் பாக்காதை, கழுவுற தண்ணித் தாங்கி தொங்குது.

— அஞ்சலினா மச்சாள், தயவு செய்து. நீங்கள் கோயிலுக்குப் போற மனுசி. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கோ.

— அண்டைக்கு நடந்தது. ஒண்டும் விடாமல். துஷாந்தி ஆஸ்பத்திரியில கிணத்தடியில வழுக்கி விழுந்தனான் எண்டு சொன்னவள். அப்பிடிச் சொல்லவைச்சது ஆர்?

— நான்தான். வேற கதை கதைச்சால் உங்கட பிள்ளையளைத் தூக்குவன் எண்டனான்.

— என்ர பிள்ளையளை.

— சும்மா வெருட்டினது! செய்ய மாட்டன்! ஆ... முட்டுது, தொடையில முட்டுது! மிரட்டி வாங்கின கதை கோட்டில நீதவானிட்ட எடுபடாது, உங்களுக்குத் தெரியும்.

— கோட்டுக்கு இல்லை. உன்ர கொம்மாவுக்கு. துஷாந்தி ஆரோடையோ ஓடினவள் எண்டு சாமான் வாங்கப் போற கடையெல்லாம் சொல்லித் திரியிறா. பேந்து ஊருக்கு. விடியவா வந்தனி? தனியவா?

— தனிய. ஆமினா உம்மா கதவைத் திறந்தவ. தள்ளி விட்டனான், நிலையில தலை அடிபட்டு விழுந்திட்டா. துஷாந்தி குசினியில ரொட்டிக்கு மாக் குழைச்சுக்கொண்டு இருந்தவள். கையெல்லாம் மா.

— பேந்து?

— தலைமயிரில பிடிச்சு முத்தத்துக்கு இழுத்தனான். சில்லுக் கழட்டுற சாவி... அது என்ர கையில இருந்தது. மச்சாள், இது காணுமே?

— சாவியால எங்க அடிச்சனி?

— விலாவில. முதுகில. வாயில ஒருக்கா. பல்லு போனது அப்பத்தான். விழுந்து கிடந்தவள், என்ர காலைப் பிடிச்சவள். எனக்கு ஆத்திரம் அடங்கேல்லை. நெஞ்சில ஏறி மிதிச்சனான்.

— வயித்தில.

— ஓம்.

— சொல்லு. நீயே உன்ர வாயால சொல்லு.

— வயித்திலயும் மிதிச்சனான். எனக்குத் தெரியாது மச்சாள், சத்தியமாத் தெரியாது. பிள்ளை தங்கியிருக்கு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே.

— அவள் கத்திச் சொன்னவள். பக்கத்து வளவில வலை பின்னிக்கொண்டிருந்த ஆக்களுக்குக் கேட்டிருக்கு. உனக்குக் கேக்கேல்லையோ?

— ... கேட்டது.

— கேட்ட பிறகோ மிதிச்சனி?

— கேட்ட பிறகும். என்னட்டை இருந்து தப்பத்தான் சொல்லுறாள் எண்டு நினைச்சனான். ஐயோ மச்சாள், நான் இனி இந்தப் பக்கமே வரமாட்டன். கட்டாருக்குப் போறன், கப்பலில போறன், எங்கையெண்டாலும் போறன். அவளிட்ட மன்னிப்புக் கேக்கிறன். பாலையூற்றுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, காலில விழுறன்.

— இப்பவே கேள். இதில நிண்டே கேள்.

— இதில நிண்டோ? சரி, பதியிறதுக்குத்தானே. துஷாந்தி, என்னை மன்னிச்சுக்கொள். நான் மிருகம். பிள்ளையைச் சாகடிச்சது நான்தான். நீ கிணத்தடியில விழேல்லை. ஆரோடையும் ஓடவும் இல்லை. கேட்டுதோ மச்சாள்? எல்லாம் சொல்லிப்போட்டன். வானை முன்னுக்கு எடுங்கோ, கால் விறைச்சுப்போச்சு.

— ஓம், காணும். முன்னுக்கு எடு.

— ஆரை எடுக்கச் சொல்லுறீங்கள்?

— உன்னை இல்லை. துஷாந்தி, எங்களுக்கு வேண்டியது கிடைச்சிட்டுது. கியரை மாத்து, முன்னுக்கு எடு.

— துஷாந்தியோ? அவளோ ஸ்டியரிங்கில? அவளுக்குச் சைக்கிளே ஓடத் தெரியாதே மச்சாள்!

— நீ கொட்டிலுக்க போகுமட்டும் சீலைக்குப் பின்னால கட்டிலில இருந்தவள். ஆஸ்பத்திரியால வந்த பிறகு நான்தான் பழக்கினனான்... துஷாந்தி, பிரேக்கில இருந்து காலை எடுக்காதை. பிள்ளை, என்னைப் பார். வெருட்டுறது மட்டும்தான் எண்டு கதைச்சனாங்கள், நீ தலையாட்டினனி. ஸ்கிரீனைப் பாக்காதை, என்ர முகத்தைப் பார். துஷாந்தி! பிரேக்கை மிதியடி!

— மச்சாள்! வருது! வருது! துஷாந்தி, நான் உன்ர புருசன்! துஷா...

— சுவருக்கு இன்னும் ஒரு சாண் கிடக்கு அக்கா.