சுரங்கத்துக்குள் ஒரு கல்யாணம்

தியேட்டரில் எனக்குப் பிடித்த இடம் கடைசி வரிசைக்கு முந்தின வரிசை, ஓரத்து சீட்டு. காலை நீட்டிக்கொள்ளலாம். இடைவேளை விட்டதும் முறுக்கு வாங்க முதல் ஆளாக ஓடலாம். பக்கத்தில் இருப்பவர் காதில் எவ்வளவு பேசினாலும் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள்.

சாயிரா, நேற்று நீ வந்தாய். நாற்காலியில்கூட உட்காரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்து, "எழுதிக் குடுங்க மாமா. எதையும் சேர்க்காம எழுதிக் குடுங்க" என்றாய். தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் ஊரார் வாக்குமூலத்தை எழுதி எழுதியே விரல் காய்த்துப் போனவன் நான். எழுதுவது எனக்குப் பெரிய காரியமில்லை. சேர்க்காமல் எழுதுவதுதான் கஷ்டம். பதினோரு பேர் நின்றால் நூறு பேர் என்பேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் என் செருப்பு தொலைந்த கதையைச் சொன்னால் அதில் ஒரு யானை வந்துவிடும். இந்தத் தாளில் யானை கிடையாது. எண்ணிக்கை எல்லாம் சரியாக இருக்கும்.

உன் அப்பா அப்துல் கரீம் பாய்க்கும் எனக்கும் சினேகம் ஏற்பட்டதே சினிமாவில்தான். அவருடைய மெக்கானிக் ஷெட்டில் என் டிவிஎஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்தால், வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை, படத்தைப் பற்றி இரண்டு மணி நேரம். எனக்குப் பெண் கொடுத்த வீடு மாதிரி என்னை அவர் 'பாவா' என்றுதான் கூப்பிடுவார், தெலுங்கில் மச்சான். அதனால்தான் உனக்கு நான் மாமா ஆனேன். சுகர் அவருடைய வலது கண்ணை எடுத்துக்கொண்டது. இடது கண்ணும் மங்கியது. நீ அரக்கோணத்தில் பள்ளிக்கூடத்து வேலையில் இருந்தாய். ஷெட்டை மூடிவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்த முதல் மாதம், ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பாவா, வேற ஒண்ணும் வேணாம். படத்துக்குக் கூட்டிகினு போ. சத்தமாவது கேட்டுகினு இருக்கேன்."

கூட்டிக்கொண்டு போனேன். நம் ஊரில் தமிழ்ப் படமும் ஓடும், தெலுங்குப் படமும் ஓடும். தமிழ்ப் படத்தில் வசனம் அவருக்கே புரியும், நான் சொல்ல அதிகம் இல்லை. தெலுங்கில் ஸ்பானர் கேட்கவும் பேரம் பேசவும் தெரியுமே தவிர, வேகமாகப் பேசினால் அவருக்குப் பிடிபடாது. ஆகவே தெலுங்குப் படம் எனக்கு வசதியாக இருந்தது. முதல் இரண்டு படம் உள்ளது உள்ளபடி சொன்னேன், சத்தியமாக. மூன்றாவது படம் படு மட்டம். வில்லன் கத்திக்கொண்டே இருந்தான், வேறொன்றும் நடக்கவில்லை. பாய் கொட்டாவி விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், வில்லன் இப்போ அவங்க ஆத்தாவக் கட்டிப் புடிச்சிகினு அழுவுறான்" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் பாவா?" என்று கேட்டார். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே தெரிய வந்தது. வெளியே வரும்போது அவர் கன்னம் ஈரமாக இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் ஸ்டேஷன் ரோட்டில் தணிகைமணி டீக்கடையில் எங்கள் சபை கூடும். அந்த வாரம் யார் யார் என்ன படம் பார்த்தார்கள், எது தேறும், எது தேறாது என்று பேசுவோம். அன்றைக்கு பாய் வாய் திறந்தார். ஆட்டோ ஓட்டுகிற வெங்கடேசன் குறுக்கே விழுந்தான்.

"பாய், அந்தப் படத்த நானும் ரெண்டு வாட்டி பார்த்தேன். வில்லன் அழுவுற சீன் எங்க வந்துச்சு?"

தணிகைமணி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது. "நீ எங்கடா படம் பார்த்த? குறட்டை விட்டுகினு இருந்திருப்ப. பாய் சொல்றாரு, கேளு."

"கண்ணு இருக்கிறவனுக்கெல்லாம் கவனம் இருக்காதுப்பா" என்றார் பாய். எல்லாரும் சிரித்தார்கள். வெங்கடேசனும்தான். ஆனால் பாய் சொல்லி முடிக்கிறவரை ஒருவனும் நகரவில்லை. கிளம்பும்போது ஒருவர், "ஓடுற படத்தவிட பாய் சொல்ற படம் நல்லாக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாக்கியம் எனக்கு மூன்று நாள் தூக்கம் தரவில்லை. சந்தோஷத்தில்தான். என் வீட்டில் நான் கதை ஆரம்பித்தால் கோவிந்தம்மாள் குக்கரைப் பார்க்கப் போய்விடுவாள். ஆபீஸில் முப்பத்தொரு வருஷமும் அடுத்தவன் சொன்னதைத்தான் எழுதினேன். இப்போது என் கதையை ஒரு மனுஷன் உருகி உருகிச் சொல்கிறான், பதினோரு பேர் டீ ஆறுவது தெரியாமல் கேட்கிறார்கள். பதினோரு பேர்தான். எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் ஐம்பத்து நான்கு படம். அதில் ஒரு பத்துப் படமாவது தியேட்டரில் ஓடின படமாக இருந்திருக்கும். மீதி என்னுடையது.

இனி நீ கேட்ட இடம்.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், தெலுங்குப் பக்கத்தில் உள்ள கண் ஆஸ்பத்திரிக்கு பாயை அழைத்துப் போனதும் நான்தான். உனக்கு லீவு கிடைக்கவில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சுகர் இறங்கட்டும், பிறகு தேதி சொல்கிறோம் என்று அனுப்பினார்கள். மார்ச் மாதம் முதல் ஞாயிறு, டீக்கடையில் இருக்கும்போது பாயின் போன் அடித்தது. எடுத்தார், இரண்டு வார்த்தை கேட்டார், என்னிடம் நீட்டினார். "தெலுங்குல பேசுறாங்க பாவா. நீயே கேட்டுச் சொல்லு."

படம் மாதிரிதான்.

ஒரு நர்ஸ் பேசினாள். நல்ல நிதானமான குரல். பதினெட்டாம் தேதி பெட் இருக்கிறது என்றாள். இடது கண்ணில் விழித்திரை இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். ஆபரேஷன் செய்தால் படிக்க முடியாவிட்டாலும் ஆள் முகம் தெரியும், டிவி தெரியும் என்றாள். கடைசியில், தாமதம் செய்யாதீர்கள், 'சூபு போதுந்தி' என்றாள். பார்வை போய்விடும் என்று அர்த்தம்.

"என்ன சொல்றாங்க பாவா?"

சபை மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் சொன்னேன்: "சூபு போயிந்தின்றாங்க பாய்."

போயிந்தி என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். திருப்பதி பஸ்ஸை விட்டாலும் போயிந்தி, கரண்ட் போனாலும் போயிந்தி. போதுந்தி என்றால் போய்விடும். போயிந்தி என்றால் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது. ஒரே எழுத்து. நானாகச் சொன்னால் மேலே ஏதாவது கேட்பாரோ என்று அவர்கள் வார்த்தையிலேயே சொன்னேன்.

இந்த இடத்தில், சென்னை ரயில் வந்த சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்று முதலில் எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். அடித்ததற்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன், பார். ரயில் எதுவும் வரவில்லை.

பாய் கொஞ்ச நேரம் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தணிகைமணி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தான். யார் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அப்புறம் அவர் கேட்டார்: "சரி பாவா. அடுத்த படம் எப்போ?"

அதைக் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது என்னவோ, "வெள்ளிக்கிழமை புதுப் படம் பாய்" என்பதுதான். நாக்கு என்னுடையதுதான், ஆனால் அது என்னைக் கேட்டு எதையும் செய்து ரொம்ப நாளாகிவிட்டது.

ஏன் என்று நீ கேட்டாய். யோசித்துப் பார். இடது கண் வந்துவிட்டால் அவர் திரையைப் பார்ப்பார். பார்த்தால் என்ன இருக்கும் அங்கே? வில்லன் கத்திக்கொண்டிருப்பான். கதாநாயகன் வழுக்கையை மறைத்த விக்கோடு இருபது வயதுப் பெண்ணைத் துரத்துவான். ஐம்பத்து நான்கு படத்தையும் நெஞ்சில் வைத்திருக்கிற மனுஷனுக்கு அதைக் காட்டுவதா? அவ்வளவு பெரிய ஏமாற்றத்தை அந்த வயதில் தாங்குவாரா? அவர் மனசுக்காகத்தான் செய்தேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் பாதி நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள். இரண்டாவது முறை போனை வாங்கிக் கேட்டுவிட்டு, சிம் கம்பெனிக்காரன் என்று பாயிடம் சொன்னேன். மூன்றாவது முறை பதினேழாம் தேதி காலை. நாளைக்கு வருவீர்களா, பெட்டை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். பெரியவர் பயப்படுகிறார், வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். நல்ல தெலுங்கில், பாய்க்குப் பிடிபடாத வேகத்தில் சொன்னேன். அவளும் வருத்தப்பட்டாள். ஒருதடவை அவர்கிட்டயே போனைக் கொடுங்கள், நான் தைரியம் சொல்கிறேன் என்றாள். பாய் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். தூங்குகிறார் என்றேன்.

பதினெட்டாம் தேதி அவரைக் காலைக் காட்சிக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்கு நான் சொன்ன மாதிரி என் ஆயுசில் சொன்னதில்லை.

பிறகு ஏப்ரல் கடைசியில் அந்தக் கல்யாணப் படம். மேட்னி. அதுவரை அவருக்குத் திரை ஒரு வெள்ளைச் சதுரமாகவாவது தெரிந்துகொண்டிருந்தது. "இப்போ பகல் சீனு தானே பாவா? பளிச்சினு இருக்கு" என்பார், குழந்தை மாதிரி. அன்று பாதிப் படத்தில், மணமேடையில் ஆயிரம் விளக்கு எரிகிறது. ஆயிரம் இருக்காது, நூறு இருக்கும். என் கையைப் பிடித்தார்.

"பாவா, லைட்டு போயிடுச்சா? சத்தம் மட்டும் வருது."

திரை அத்தனை வெளிச்சமாக இருந்தது. முன் வரிசைக்காரர்களின் தலைமுடிகூடத் தங்கமாகத் தெரிந்தது. என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. போதுந்தி அன்றைக்குத்தான் போயிந்தி ஆனது.

"இருட்டு சீனு பாய்" என்றேன். "எல்லாரும் சுரங்கத்துக்குள்ள போறாங்க."

"மேளச் சத்தம் கேக்குதே?"

"உள்ளாரதான் கல்யாணம். ஊருக்குத் தெரியாம பண்ணிக்கிறாங்க."

"அட" என்றார். "பயமா இல்லையாமா அந்தப் பொண்ணுக்கு?"

"மாப்பிள்ளை கையப் புடிச்சிகினு இருக்கான்" என்றேன்.

படம் முடிகிறவரை ஒருவரையும் நான் சுரங்கத்தைவிட்டு வெளியே விடவில்லை. இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. அவர் என் கையை விடவே இல்லை. படம் முடிந்து வெளியே வெயிலுக்கு வந்தோம். முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு சுரங்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறு வந்தது. சபையில் அந்தப் படத்தை அவர் சொன்னார். சுரங்கத்துக்குள் நடந்த கல்யாணத்தைச் சொல்லும்போது தணிகைமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். அப்பாவை அரக்கோணத்துக்கு உன்னோடு கூட்டிப் போனாய். போன வாரம் அவர் ஆசைப்பட்டாரென்று அதே படத்தைத் தமிழ் டப்பிங்கில் உன் செல்லில் போட்டாய். "இப்போ பாரு, சுரங்கம் வரும்" என்றாராம். அங்கே மண்டபமும் விளக்கும்தான் வந்தது. கல்யாணப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். நீ நிறுத்தி நிறுத்தி விசாரித்தாய். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாய். நீ டீச்சர். தப்பு எந்த வரியில் ஆரம்பித்தது என்று பிடித்துவிட்டாய். தணிகைமணியையும் வெங்கடேசனையும் திட்டாதே. அவர்களுக்குக் கதை தெரியும், போன் தெரியாது.

ஆகவே, கோதண்டபாணி ஆகிய நான், அப்துல் கரீம் பாயின் இடது கண்ணைக் காப்பாற்ற ஒன்றரை மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தும், அது தெரிந்தே, மூன்று முறை மறைத்தேன். மூன்று முறை. இதில் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.

போலீசுக்குக் கொடுக்கப் போகிறாயா என்று நேற்று கேட்டேன். "முதல்ல அப்பாவுக்குப் படிச்சிக் காட்டணும்" என்றாய். படித்துக் காட்டு, அவருக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ பாடப் புத்தகம் மாதிரி ஒரே சீராகப் படிப்பாய். அந்த மூன்றாவது போன் வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சப்பென்று போய்விடும். இந்தத் தாளை என்னிடமே திருப்பிக் கொடு. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அரக்கோணம் வந்து, பாய் பக்கத்தில் உட்கார்ந்து, நானே படித்துச் சொல்கிறேன். அவருக்கு மனசு கஷ்டப்படாதபடி அங்கங்கே ரெண்டு மூணு இடம் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.