கை வைக்காத வாத்தியார்

உங்கள் ஸ்டேஷன் வைஃபை பாஸ்வேர்டைக் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், மேடம். முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள். இங்கே வந்து போகிறவர்கள் என்ன மாதிரி ஆட்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நடந்ததைக் கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் சீதாராமன், வயது நாற்பத்தாறு. வில்லாபுரத்தில் ஒரு பரோட்டாக் கடை மாடியில் ஃபயர்வால் பயிற்சி மையம் நடத்துகிறேன். சால்னா வாசனையில் படித்துத் தேறிய என் பிள்ளைகள் முப்பது பேர் இன்றைக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் ஏசி அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஃபயர்வால் என்றதும் மிரண்டுவிடாதீர்கள். கல்யாண மண்டப வாசலில் கையில் பட்டியலோடு நிற்கும் முரட்டு மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் போகிற ஒவ்வொரு தகவலையும் அவர் நிறுத்துவார், பட்டியலை மேலிருந்து படிப்பார். பொருந்துகிற முதல் வரி என்ன சொல்கிறதோ அதைச் செய்வார். அதற்குக் கீழே படிக்க மாட்டார். முதல் வரியிலேயே ‘ஒருத்தனையும் விடாதே’ என்று எழுதிவிட்டால் மாப்பிள்ளையே வந்தாலும் வெளியேதான். எங்கள் தொழிலில் பாதி விபத்து இதனால் வருவது.

இதற்குக் கைப்பழக்கம் வேண்டும். சர்டிபிகேட் தேர்வுக்குப் பழகுவதற்கென்று பொய் நெட்வொர்க் ஒன்று உண்டு. அதில் எதைக் கெடுத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பயமில்லாத இடத்தில் என்ன மண்ணாங்கட்டியைக் கற்றுக்கொள்வது? என் மாணவன் கார்த்திகேஷ் அப்படிப் பழகித்தான் தொண்ணூற்றாறு மார்க் வாங்கினான். வேலைக்குப் போன முதல் நாளே கம்பெனி ஃபயர்வாலில் தன்னையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டான். ஒரே வாரத்தில் திரும்பி வந்து, பரோட்டாக் கடை வாசலில் நின்று, “அண்ணே, உங்ககிட்டப் படிச்சேன்னு வெளிய சொல்ல முடியலண்ணே” என்றான். கல்லில் நின்ற மாஸ்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மானம் போய்விட்டது. பதினாறு வருஷத்தில் ஒருத்தரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

அன்றைக்குத்தான் இனிமேல் நிஜ நெட்வொர்க்கில்தான் பயிற்சி என்று முடிவு செய்தேன். நீச்சல் கற்றுக்கொடுப்பவர் கிணற்றில்தானே தள்ளிவிடுகிறார், பாய் விரித்துப் படுக்கப் போடுவதில்லையே.

அவனியாபுரம் போகிற வழியில் அந்த நாற்பது படுக்கை ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் பராமரிப்பு என் பொறுப்பு. என் வகுப்பறையில் இருந்தபடியே அதன் ஃபயர்வாலைத் திறக்கலாம். மாணவர்களிடம் அதை ‘லேப்’ என்றுதான் சொல்லிவைத்தேன். நானே ஒரு வரியைக் கெடுத்து வைப்பேன், அவர்கள் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு நாள் பில் பிரிண்டர் நின்றது. இன்னொரு நாள் பெரிய டாக்டர் அறையில் கிரிக்கெட் நின்றது. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியே கதிகலங்கிப் போனது. சரியானதும் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் சுடலை போன் செய்து, “நீங்க இல்லாட்டி நாங்க எங்கண்ணே போவோம்” என்பான். பரவாயில்லை என்று நானும் பெரிய மனுஷனாகச் சொல்லுவேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை என்று என் மனைவி கனகலட்சுமி பிற்பாடு சொன்னாள். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அதிலும் சில வார்த்தைகள் சொன்னாள், அவை சர்க்கார் தாளில் எழுதத் தக்கவை அல்ல.

தமிழ்வாணி உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து படித்த பெண். ஐந்து மாதத்தில் ஒரு வகுப்பும் தவறியதில்லை. பெரிய தேர்வுக்கு அனுப்பும் முன்னால் நான் ஒரு செய்முறைப் பரீட்சை வைப்பேன். அவளுக்குப் போய் பில் பிரிண்டரை வைத்தால் அது அவளை அவமானப்படுத்துவது. ஆகவே போன சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்றாம் மாடி வார்டைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே இருப்பவர்கள் இதய நோயாளிகள். அறைக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு ஒரு மானிட்டர். அதில் ஓடுவதெல்லாம் நர்சுகள் மேஜையில் ஒரே திரையில் தெரியும், துடிப்பு தவறினால் அங்கே மணி அடிக்கும். அந்த வார்டுக்கான பட்டியலில் முதல் வரியாக ‘ஒருத்தனையும் விடாதே’ என்று போட்டேன். நாற்பத்தைந்து நிமிஷம் கொடுத்தேன்.

பரீட்சை நேரத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது என் வழக்கம். மாணவர் கீபோர்டில் வாத்தியார் கை வைத்தால் அது வாத்தியார் எழுதிய பரீட்சை. என் மையத்தில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

நான்காவது நிமிஷம் என் காதிலிருந்த புளூடூத்தில் சுடலை வந்தான். “அண்ணே, மூணாவது மாடில ஸ்க்ரீன் அம்புட்டும் நின்னுருச்சு. சிஸ்டரு, ரூம் ரூமாப் போயிப் பாக்கவான்னு கேக்குது.” போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் தமிழ்வாணி ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்; ரூம், சிஸ்டர் என்று என் வாயில் வந்தால் அவளுக்குத் துப்புக் கிடைத்துவிடும். “ரெண்டு நிமிஷம்” என்று மட்டும் சொன்னேன். பதிமூன்றாவது நிமிஷம் மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் ரெண்டு நிமிஷம் என்றேன். நம்பி உட்கார்ந்திருந்தார்கள். என் வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

இருபதாவது நிமிஷம் தமிழ்வாணி திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். “சார், இதுல ஆஸ்பத்திரி பேரு வருது. பெட்டு நம்பரு வருது. இது நெசமான ஆஸ்பத்திரியா சார்?”

“பரீட்சைல சந்தேகம் கேக்கக் கூடாது” என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். அவள் போன் என் மேஜை டிராயரில் இருந்தது, பரீட்சை விதி. “சார், என்னைய ஃபெயில்னே போட்டுக்கங்க. நீங்க எடுத்து விட்ருங்க சார். ஒங்களக் கும்புடுறேன்” என்றாள். கும்பிடவும் செய்தாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் கை வைத்திருந்தால் பாதியில் ஓடிய பெண் என்ற நினைப்பு ஆயுசுக்கும் அவளை விடாது.

“உக்காரும்மா. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு” என்றேன்.

அழுதுகொண்டேதான் தேடினாள். எல்லோரையும் போல அவளும் பட்டியலைக் கீழேயிருந்து துழாவிக்கொண்டு மேலே வந்தாள். நாற்பத்தோராவது நிமிஷம் முதல் வரியைப் பிடித்தாள், எடுத்தாள். வேறு ஒரு வரியும் கலையவில்லை. சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான வேலை. நான் கையை அவிழ்த்துத் தட்டினேன். அவள் கேட்டல்ல, நானாகத்தான் தட்டினேன்.

நர்சுகள் மேஜைத் திரை உயிர்பெற்றபோது ஏழாம் கட்டிலில் நேர்கோடு ஓடிக்கொண்டிருந்ததாம். ஏசிக்காகக் கதவைச் சாத்தியிருந்ததில் உள்ளே மானிட்டர் கத்தியது வெளியே கேட்கவில்லை. அவர் பெயர் முத்துத்தாய், கீழக்குயில்குடி, ஐம்பத்தெட்டு வயது. சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டியவர். பை கட்டி வைத்திருந்தது, மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, நான் கேபிள் மாற்றப் போனபோது ஆரஞ்சு உரித்துக் கொடுத்தவர் அவர்தான். “எம்புட்டு வயருய்யா! இதுல எதுலய்யா என் உசுரு ஓடுது?” என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே நீல வயரைத் தொட்டுக் காட்டினேன். நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்களிடம் வந்து என்னைப் பற்றிச் சொன்னது தமிழ்வாணிதான் என்று தெரியும். எனக்குக் கோபமில்லை. தேர்ச்சிச் சான்றிதழை வாங்கிக்கொள்ள அவள் வரவில்லை, ஆகையால் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நேரில் பார்த்தால் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஏட்டு ஜெயபாண்டி நல்ல மனுஷர். என் மேல் இரக்கப்பட்டு இந்தத் தாளின் தலைப்பில் ‘கவனக்குறைவால் நேர்ந்த மரணம்’ என்று அவரே எழுதிக் கொடுத்தார். “அப்படியே இருக்கட்டும் சார், தண்டனை கம்மி” என்றார். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டேன், மேடம். பதினாறு வருஷ வாத்தியார் நான். அந்த நாற்பத்தொரு நிமிஷமும் கண்ணை எடுக்காமல் கவனித்துக்கொண்டுதான் நின்றேன்.