சகலையின் கடைவாய்ப்பல்

பல்லை ஒழுங்காகத் துலக்குகிறவர்கள் உலகத்தில் மிகக் குறைவு, ஐயா. என் சகலை அந்தக் குறைவானவர்களில் ஒருவர். அவர் வாயில் ஒரு சொத்தை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இருவருமே பல் மருத்துவர்கள். அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான். அவர் கிளினிக்கில் நிற்க இடமிருக்காது. என் கிளினிக்கில் மீன்தொட்டிக்குள்தான் கூட்டம். மருத்துவர் சங்கத் தலைவர் தேர்தலில் நான் நின்றபோதெல்லாம் அவரும் நின்றார், அவரே வென்றார். "அத்தானைப் பாருங்க, தொட்டதெல்லாம் துலங்குது. நீங்க தொட்டா பல்லுதான் ஆடுது" என்பாள் என் மனைவி, துணி மடித்தபடி.

எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. அதனால்தான் ஒரே ஊர் மந்திரத்தை நம்பாமல், பல ஊர் மந்திரங்களைக் கலந்து ஒரு தாயத்து செய்தேன். குதிரை லாட ஆணி, கண்ணேறுக்கு நீலமணி, முடிச்சிட்ட சிவப்புக் கயிறு, நாற்சந்தி மண். நாட்டுக்கு நாடு அடித்துக்கொண்டாலும் என் தோல்பைக்குள் எல்லாம் சமாதானமாகவே இருந்தன. ஒன்றுதான் பாக்கி: அதிர்ஷ்டசாலியின் உடம்பிலிருந்து ஏதாவது ஒன்று. அதையும் அவர் நன்றி சொல்லித் தர வேண்டும். திருடினால் பலிக்காது.

பல் மருத்துவன் தன் பல்லைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. அவர் வாயை நான் பார்ப்பேன், என் வாயை அவர் பார்ப்பார். தேர்தலுக்குச் சற்று முன்னால் வந்து வாயைத் திறந்தார்.

"கடைவாயில ஒண்ணு உள்ளுக்குள்ள சொத்தையாயிடுச்சு, சகல" என்றேன்.

ஊசி போட்டு, பாறை மாதிரி இருந்த பல்லைப் பிடுங்கினேன்.

"வலியே தெரியலையே சகல. உங்க கை ராசியான கை. ரொம்ப நன்றி."

தேர்தலன்று அவர் கன்னம் பூசணி போல வீங்கியிருந்தது. மேடையேறினால் இறங்கவே மாட்டார். அன்று கைகூப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சபையே எழுந்து கைதட்டியது. எனக்கு விழுந்த ஒரே ஓட்டு நான் போட்டது.

வேறொருவன் தாயத்தைத் தூக்கி எறிந்திருப்பான். நான் நிதானமாக யோசித்தேன். மருந்தில் தப்பில்லை, அளவு போதவில்லை. அவருக்கு இன்னும் வாய் நிறைய அதிர்ஷ்டம் இருந்தது. வீக்கத்தைக் காட்ட வந்தவரிடம், "பக்கத்துப் பல்லுக்கும் பரவிடுச்சு" என்றேன். பிறகு அதற்கும் பக்கத்துப் பல்லுக்கு.

அவரும் மருத்துவர்தானே, சந்தேகம் வரவில்லையா என்கிறீர்கள். தன் வாய் என்று வந்துவிட்டால் எந்த மருத்துவனும் குழந்தைதான். ஒவ்வொரு தடவையும் மறக்காமல் நன்றி சொன்னார். கடைசி நன்றியில் வெறும் காற்றுதான் வந்தது. செல்லும் என்று எடுத்துக்கொண்டேன்.

துவைக்கப் போட்ட என் கோட்டில் இருந்த அந்தப் பையை என் மனைவி திறந்து பார்த்திராவிட்டால், ஸ்டேஷனிலிருந்து நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். ஆமாம், எல்லாப் பல்லும் அவருடையதுதான். ஒன்றுகூடக் கெட்டுப்போனதில்லை.

ஆனால் பல்செட்டை நானே இலவசமாகச் செய்து கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். அதைப் போட்டதிலிருந்து வயது குறைந்து தெரிகிறார். கூட்டம் முன்பைவிட அதிகம். அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. அதிர்ஷ்டம் பல்லில் இல்லை, ஐயா. ஈறில் இருக்கிறது.

அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள்தானே? அவர் கட்டாயம் வருவார். கைராசி அது இதுவென்று நம்புகிற ஆள்.