உச்சியில் ஒரு செய்தித்தாள்

எவெலியோ: உட்காராதே ஒமைரா. உட்கார்ந்தா தொடை பிடிச்சுக்கும். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டே.

ஒமைரா: பிடிச்சா பிடிக்கட்டும். காலையில ஆறு மணிக்கு துயித்தாமா ஊர்ல சைக்கிள் மிதிக்க ஆரம்பிச்சது... எட்டு வருஷம் கழிச்சுப் பார்க்குற பொண்டாட்டிகிட்ட முதல் பேச்சே தொடையப் பத்தித்தானா?

எவெலியோ: நீ மட்டும் என்ன? "ஐயா, பேப்பர் இருக்கா? வீட்டுல மறந்துட்டேன்"னு கேட்டுக்கிட்டே வந்து நின்னே. ஐயாவாம்!

ஒமைரா: பனியில முகம் தெரியல.

எவெலியோ: ம்... இந்த ருவானாக் கம்பளியைப் போத்திக்கோ. இந்தா, வெல்லத் தண்ணி. சூடா இருக்கு, மெதுவா. கடைசியா எப்ப சாப்பிட்டே?

ஒமைரா: ஆத்துப் பாலத்துகிட்ட. ஒரு கொய்யா அல்வா.

எவெலியோ: பாலமா! அது அம்பது கிலோமீட்டர் பின்னாடி!

ஒமைரா: பாக்கெட்ல இன்னும் நாலு இருக்கு. பசிக்கவே இல்ல...

எவெலியோ: பசிக்கிறதுக்கு முன்னாடியே திங்கணும்டி. சரி, வேற என்னென்ன தப்பு பண்ணினே?

ஒமைரா: பாதிரியார் மாதிரி கேக்காதீங்க.

எவெலியோ: மன்னிப்பெல்லாம் கிடையாது. சொல்லு.

ஒமைரா: புதுக் கால்சட்டை. எங்க உரசுதுன்னு சொல்ல மாட்டேன்.

எவெலியோ: சொல்லவே வேண்டாம். நிக்கிற நிலையிலேயே தெரியுது.

ஒமைரா: சிரிக்காதீங்க! அப்புறம்... கிளம்பினதும் முன்னாடி போன கூட்டத்தோட ஒட்டிக்கிட்டேன். சுங்கச்சாவடி வரைக்கும் பறந்தேன். ராணி மாதிரி இருந்துச்சு.

எவெலியோ: அப்புறம் ஏத்தம் வந்துச்சு.

ஒமைரா: வந்துச்சு... ராணி இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தா.

வண்டிக்காரர்: நூத்தி நாப்பத்தேழாம் நம்பர்! அம்மா, நீங்கதான் கடைசி ஆள். பந்தயத்தோட கடைசி வண்டி இது, பத்து நிமிஷத்துல கிளம்புறேன். என் வண்டிக்குப் பின்னாடி வந்தா மெடல் கிடையாது. சைக்கிளை மேல ஏத்திக் கட்டிடவா?

ஒமைரா: தொட்டீங்கன்னா தெரியும்! நாப்பது கிலோமீட்டர்தான் பாக்கி. எல்லாம் இறக்கம்.

எவெலியோ: ஐம்பத்தொரு வயசுல இந்த வீம்பு எதுக்கு? "சைக்கிளா, நானா"ன்னு கேட்டவதானே நீ?

ஒமைரா: கேட்டேன். நீங்க பதில் சொல்லாம சைக்கிளைத் தூக்கிக்கிட்டுப் போனீங்க.

எவெலியோ: வெல்லத் தண்ணி ஆறுது, குடி.

ஒமைரா: ஞாயித்துக்கிழமை ஆனா சேறும் வேர்வையுமா வருவீங்க. முகம் மட்டும் பத்து வயசு குறைஞ்சிருக்கும். எவ கூட இருந்துட்டு வர்றாரோன்னு எனக்கு வயிறு எரியும். இன்னைக்கு அந்தப் பனிக்குள்ள, கண்ணு முன்னாடி ஆறடி ரோடு மட்டும் தெரிஞ்சப்ப... மனசுல ஒரு சத்தமும் இல்ல. இதுக்குத்தான் போனாரான்னு தோணிச்சு. அழுதுட்டேன்.

எவெலியோ: ஏத்தத்துல அழக்கூடாது. மூச்சு போயிடும்.

ஒமைரா: அதையும் கத்துக்கிட்டேன்... நீங்க இப்ப ஓட்டுறதில்லையா?

எவெலியோ: முட்டி போயி நாலு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை இங்க நின்னு, இறங்கப் போறவங்களுக்குப் பேப்பர் குடுக்கிறேன். நெஞ்சுல வச்சாத்தான் காத்து உள்ள போகாது. இந்தா, உனக்கு.

ஒமைரா: அங்க அவ்வளவு பெரிய கட்டு இருக்கு... சட்டைப் பைக்குள்ள இருந்து எடுக்கிறீங்க?

எவெலியோ: வாங்கிக்கோ.

ஒமைரா: மஞ்சளாப் போச்சே இது... ரெண்டு ஓரமும் உள்ள மடிச்சு... இது என் மடிப்பு. எவெலியோ, இதுல எட்டு வருஷம் முந்தின தேதி இருக்கு.

எவெலியோ: அன்னைக்கு அவ்வளவு சண்டை போட்டும் பேப்பரை மடிச்சு என் சட்டையில வச்சிருந்தே. இங்க வந்து எடுத்துப் பார்த்தேன். மேற்கொண்டு இறங்க மனசு வரல.

ஒமைரா: இறங்கலையா?

எவெலியோ: இங்கிருந்தே திரும்பிட்டேன். "நீதான்"னு சொல்ல. மத்தியானம் வந்தா வாசல்ல பூட்டை மாத்தியிருந்தே.

ஒமைரா: பூட்டை மாத்திட்டு நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டேன்... ஐயோ, இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

எவெலியோ: ரோசம். உனக்கு இல்லையா?

ஒமைரா: இருந்துச்சு... ராத்திரியில பாதிக் கட்டில் காலியாக் கிடக்கும்போதெல்லாம் ரோசம் எங்கேயோ போயிடும். விடிஞ்சா திரும்ப வந்துடும்.

வண்டிக்காரர்: அம்மா, கிளம்பிட்டேன்! முன்னாடி போறீங்களா இல்லையா?

எவெலியோ: எழுந்திரு, எழுந்திரு! ஜிப்பை இறக்கி பேப்பரை உள்ள வை... ஒமைரா, என்ன இது? உள்ள ஏற்கனவே பேப்பர் இருக்கே?

ஒமைரா: நாலு தாள். காலையிலேயே மடிச்சு வச்சேன்.

எவெலியோ: மறந்துட்டேன்னு சொன்னியே? சரி, அதை அப்புறம் பேசலாம். ஏறு! மெடல் போயிடும்!

ஒமைரா: தம்பி, நீங்க போங்க. எனக்காக நிக்காதீங்க.

எவெலியோ: பைத்தியமா உனக்கு? நாப்பது கிலோமீட்டர்தானேடி பாக்கி!

ஒமைரா: இந்தப் பந்தயம் எங்க முடியுதுன்னு கேட்டு நான் பேர் குடுக்கல எவெலியோ. நீங்க நிக்கிற இந்த உச்சி வழியாப் போகுதான்னு கேட்டுத்தான் குடுத்தேன்.